கல் கரைந்த தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் பெரியவர்கள் பலரின் மேல்வரிசை முன்பற்களைக் கவனியுங்கள். சுண்ணாம்பு நிறத்தில் திட்டுகள், குறுக்கே பழுப்புக் கோடுகள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை பல்லின் உள்ளேயே ஊறியிருக்கிறது. ஈறுக்குள் பல் உருவான சிறுவயதில் அவர்கள் குடித்த தண்ணீரின் வேலை அது.

அங்குள்ள கருங்கல் பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் தேங்கும் நீர் ஆண்டுக்கணக்கில் அவற்றைக் கரைக்கிறது. நீரில் காரத்தன்மை மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். கிணறுகள் வற்றி, போர்வெல்லின் ஆழம் கூடக் கூட, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரே குடத்துக்கு வந்தது. பார்வைக்குத் தெளிவு, வாசனை இல்லை, ருசியிலும் மாற்றம் இல்லை.

இதே ஃபுளூரைடு சிறிதளவு இருந்தால் பல் சொத்தையாகாமல் காக்கும். அதனால்தான் பற்பசையிலும் சேர்க்கிறார்கள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டினால் வளரும் பல்லின் எனாமல் சரியாக இறுகுவதில்லை. மிக அதிகமான அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பிலும் படியும். முதுகு விறைக்கும், மூட்டு மடங்காது. 1937-லேயே சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் மருத்துவர்கள் இந்த நோயைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

காய்ச்சினால் சரியாகிவிடாதா? கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகச் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் இதைப் பிடிக்காது.

பாறையை மாற்ற முடியாது, நீரை மாற்றலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அடிப்படை இதுதான். ஆற்று நீர் பாறைக்குள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடப்பதில்லை. அதில் ஃபுளூரைடு குறைவு. ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் காவிரி நீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, இரு மாவட்ட ஊர்களுக்கும் குழாயில் அனுப்புகிறது. 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால் குடிக்கக் காவிரி, சோறு வடிக்க போர்வெல் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பயன்தான். உலை நீரின் ஃபுளூரைடு சோற்றிலும் சாம்பாரிலும் ஏறும். போர்வெல் நீரைத் துணி துவைக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீர்தான் வேண்டும்.