கண்மதிப்பில் போகும் புல்

நின்ற பயிராகவே கைமாறும் தீவனத்துக்கு விலை வைப்பது எப்படி? சித்தூர், திருப்பதி இயற்கை விவசாயிகளின் முன் உள்ள கணக்கு.

பால் விலை லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் அது தலைப்புச் செய்தி. அந்தப் பாலுக்கு ஆதாரமான புல்லின் விலையோ வரப்பில் நின்றபடியே, குத்துமதிப்பாக முடிந்துவிடுகிறது.

சித்தூர் வட்டாரத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பெரிய வைப்பது கறவை மாடுதான். வேர்க்கடலை காய்ந்தால் கடலைக் கொடியும் கிடைக்காது. அப்போது கிணற்றில் தண்ணீர் உள்ளவரின் தீவனச் சோளத்தையும் நேப்பியர் புல்லையும் தேடி ஆட்கள் வருகிறார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. நகரியிலும் சத்தியவேட்டிலும் பேரம் தெலுங்கு பாதி, தமிழ் பாதியாக நடக்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அறுப்புக் கூலியும் வண்டிச் செலவும் வாங்குபவர் பொறுப்பு.

விற்பவருக்கு இதில் சௌகரியம் உண்டு. ஆள் தேட வேண்டாம், உலர்த்த வேண்டாம். ஆனால் வயலில் எத்தனை டன் நிற்கிறது என்பது வாங்க வருபவருக்குத்தான் அதிகம் தெரியும். அனுபவப்பட்ட தரகரின் கண் ஒரு தராசு.

அதற்கு ஈடுகொடுக்க எளிய வழி இருக்கிறது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் குச்சிகளால் ஒரு சட்டம். செழித்த இடம், சுமாரான இடம், மெலிந்த இடம் என்று ஏழெட்டு இடங்களில் அதற்குள் உள்ளதை அறுத்து எடை போட வேண்டும். சராசரி 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆகவே சுமார் 12 டன் பசுந்தீவனம். அதில் முக்கால் பங்கு தண்ணீர் என்றால் உலர்பொருள் 3 டன். 15 சதவிகித ஈரத்துடன் காய்ந்த தீவனமாகக் கணக்கிட்டால் சுமார் மூன்றரை டன். நாளுக்கு 10 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு இது 300 நாள் தீனி.

அன்றைய சந்தையில் காய்ந்த தீவனம் டன் என்ன விலையோ அதை மூன்றரையால் பெருக்கி, அறுப்பு, உலர்த்தல், கட்டு, வண்டி ஆகிய செலவுகளையும் சேதாரத்துக்கு ஒரு பங்கையும் கழித்தால் நின்ற பயிரின் விலை கிடைக்கும்.

மண்ணின் பங்கு

இயற்கை விவசாயிக்குக் கணக்கு இத்தோடு முடிவதில்லை. 8 சதவிகிதம் புரதமுள்ள தீவனத்தில் 3 டன் உலர்பொருள், நிலத்திலிருந்து சுமார் 38 கிலோ தழைச்சத்தைக் கொண்டுபோகிறது. ரசாயன உரம் போடுபவர் 45 கிலோ யூரியா மூட்டைகள் இரண்டில் இதை ஈடுகட்டிவிடுவார். மானிய விலையில் செலவு 550 ரூபாய்க்குள். அரை சதவிகிதம் தழைச்சத்துள்ள தொழு உரத்தில் அதே அளவைத் திருப்பித் தர ஏழரை டன் வேண்டும். சொந்த மாடு தின்றால் சத்தில் பெரும்பகுதி சாணமாகவும் கோமியமாகவும் நிலத்துக்கே திரும்பும். விற்ற புல்லில் திரும்ப வருவது பணம் மட்டுமே. ஆகவே தொழு உரத்தின் விலையையும் ஏற்றுக்கூலியையும் விலையில் சேர்க்க வேண்டும். அல்லது இத்தனை வண்டி எரு திருப்பித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும்.

‘இயற்கை’ என்பதற்காகக் கூடுதல் விலை கிடைக்குமா? திருமலையில் இயற்கை முறையில் விளைந்த அரிசியைக் கொண்டு நைவேத்தியம் செய்வது 2021ல் தொடங்கியது. அரிசிக்குக் கிடைத்த அந்த மரியாதை புல்லுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பால் சேகரிப்பு மையத்தில் அளப்பது கொழுப்பையும் இதர திடச்சத்தையும்தான்; மாடு தின்றது எப்படி விளைந்தது என்று அங்கே கேட்பதில்லை. தன் மாடுகளுக்கு இயற்கைச் சான்றிதழ் வேண்டும் என்பவருக்குத்தான் சான்று பெற்ற தீவனம் அவசியம். அப்படிப்பட்டவர் கிடைத்தால், கையில் சான்றிதழும் இருந்தால், கூடுதல் விலை கேட்கலாம்.

எஞ்சியிருப்பது எழுத்து. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அறுத்து எடுப்பதாக ஒப்புக்கொண்ட பயிரும் புல்லும் ‘சரக்கு’. விற்கப்படுவது அதுதான், நிலம் அல்ல. எத்தனை அறுப்பு, கடைசித் தேதி எது, அச்சாரம் எவ்வளவு, மழையில் கெட்டால் நஷ்டம் யாருக்கு என்பதைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. 2021 நவம்பரில் பெய்த பேய்மழையில் திருப்பதி பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.

சோளத்துக்கு இன்னொரு நிபந்தனையும் தேவை. இளம்பயிரும் வறட்சியில் வாடிய பயிரும் மாட்டைக் கொல்லும் அளவுக்கு நஞ்சாகலாம். பாதிப் பயிராவது பூத்தபின் அறுப்பதே பாதுகாப்பு. பணம் அவசரமாகத் தேவைப்படும் விவசாயி அதற்கு முன்பே பயிரை விட்டுவிடுவார். அந்த ஏக்கரில் விலையும் குறையும், வாங்கியவரின் மாட்டுக்கும் ஆபத்து.