அடுத்த துடிப்புக்குள் சேரும் சேதி

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். விடும்போது இடைவெளி கூடும். வயது குறைந்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். நோய் எதுவுமில்லை, பயப்பட வேண்டாம். மூளைத் தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் வேளையில் இதயத்தைச் சற்று அடக்குகிறது. நரம்புகளின் பிடியே இல்லாமல் விட்டால் மனித இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 என்று இருப்பது வேகஸின் வேலை.

ஆச்சரியம் அந்த அடக்கத்தின் வேகத்தில்தான் இருக்கிறது. வேகஸைத் தூண்டினால் இதயம் ஓரிரு துடிப்புக்குள்ளேயே தாமதிக்கிறது. இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளுக்கோ பல வினாடிகள் வேண்டும். முடுக்குவதைவிட அடக்குவது ஏன் இவ்வளவு சீக்கிரம் நடக்கிறது?

வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தோடு பேசுகிறது என்பதை, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டி 1921-ல் வெளியிட்டார். (இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்த கதையைத் தேவைக்கு மேலேயே எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.) அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1950-களில் அடுத்த விடை கிடைத்தது: அசிட்டைல்கோலின் பட்டதும் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது.

செல்லுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல் 30 மடங்குக்கு மேல் இருக்கிறது. கதவு திறந்தால் வெளியே ஓடும். ஓடும்போது தன் நேர்மின்னூட்டத்தையும் எடுத்துக்கொண்டு போகும். உட்புறம் இன்னும் எதிர்மின்னாகிறது. இதயத்துக்குத் தாளம் போடும் எஸ்.ஏ. கணுச் செல்கள், ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட்டிலிருந்து மெல்ல ஏறிவர வேண்டும். பொட்டாசியம் கசிந்தால் ஏற்றம் தாழ்விலிருந்து தொடங்கும், மெதுவாகவும் நடக்கும். அடுத்த துடிப்பு தள்ளிப்போகிறது.

அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் எம்2 ஏற்பி ஒரு புரதம். பொட்டாசியத்துக்குக் கதவாக இருக்கும் கால்வாய் வேறொரு புரதம். இரண்டும் செல்லின் சவ்வில் தனித்தனியே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே தட்டினால் இங்கே எப்படித் திறக்கிறது? 1984-ல் சோயெஜிமாவும் நோமாவும் செய்த சோதனை, என் கணக்கில், இந்தக் கதையிலேயே மிக அழகானது. முயலின் இதய மேலறைச் செல் ஒன்றின்மீது, மயிரிழையைவிட நுண்ணிய வாயுள்ள கண்ணாடிக் குழாயை அழுத்தி ஒட்டவைத்தார்கள். குழாயின் வாய்க்குள் அகப்பட்ட துளிச் சவ்வில் ஒவ்வொரு கால்வாயும் திறந்து மூடுவதை மின்னோட்டமாகப் பார்க்கலாம். குழாய்க்கு வெளியே, செல் முழுவதும் நனையும்படி அசிட்டைல்கோலினை ஊற்றினார்கள். குழாய்க்குள் இருந்த கால்வாய்கள் அசையவில்லை. அதே அசிட்டைல்கோலினைக் குழாய்க்குள்ளேயே வைத்தபோது திறந்தன.

செல்லுக்குள் கரைந்து பரவும் தூதன் எவனாவது இருந்திருந்தால், வெளியே தட்டியதற்கும் உள்ளே பதில் வந்திருக்கும். வரவில்லை. ஆக, இது தபால் நிலையம் போய்த் திரும்பும் கடிதமல்ல. திண்ணை விட்டுத் திண்ணை சொல்லும் சேதி. சவ்வை விட்டு விலகாமல், ஏற்பிக்குப் பக்கத்திலேயே நகர்கிறது. வேகத்தின் ரகசியம் அதுதான். பரிவு நரம்பின் சேதி சைக்ளிக் ஏஎம்பி தயாரித்து, அது பரவி, நொதிகளை எழுப்பி என்று படிப்படியாகப் போகவேண்டியிருக்கிறது.

திண்ணையில் இருந்த தூதன் ஜி புரதம் என்று 1985-ல் தெரிந்தது. அதை முடக்கும் கக்குவான் இருமல் கிருமியின் நச்சைக் கொடுத்தால் கால்வாய் திறக்கவே இல்லை. ஏற்பி தூண்டப்பட்டதும் ஜி புரதம் இரண்டாகப் பிரியும்: ஆல்ஃபா ஒரு துண்டு, பீட்டா-காமா ஒரு துண்டு. வேலை செய்வது ஆல்ஃபா, மற்றது அதற்குத் துணைக்கு வந்தது என்பதே அப்போதைய நம்பிக்கை. 1987-ல் டேவிட் கிளாபம், ஈவா நீர் குழுவினர் கால்வாயைத் திறப்பது பீட்டா-காமாதான் என்றார்கள். சண்டை மூண்டது. இன்னொரு குழு ஆல்ஃபாவே திறக்கிறது என்று தன் பதிவுகளைக் காட்டியது. பீட்டா-காமாவைக் கரைத்துவைக்கச் சேர்த்த சோப்புப் போன்ற பொருள்தான் கால்வாயைத் திறந்துவிட்டது என்றும் சொன்னது. 1993-ல் கால்வாயின் மரபணு கையில் கிடைத்தது. 1994-ல் ஆய்வகத்தில் உருவாக்கிய தூய பீட்டா-காமா அதைத் திறப்பது தெளிவானது. துணைக்கு வந்ததுதான் காரியக்காரன். 2013-ல் ராட்ரிக் மெக்கினன் ஆய்வகம், இதயக் கால்வாயின் நெருங்கிய உறவான இன்னொன்றைப் படமெடுத்தது: நான்கு துண்டுகள் சேர்ந்த கால்வாயில் நான்கு பீட்டா-காமாக்கள், துண்டுக்கு ஒன்றாக ஒட்டியிருந்தன.

இந்தக் கால்வாய்க்கு ஒரு நல்ல பழக்கமும் உண்டு. செல் துடித்து உட்புறம் நேர்மின்னாகும்போது, உள்ளிருக்கும் மக்னீசியமும் ஸ்பெர்மின் போன்ற மூலக்கூறுகளும் வந்து அதன் துளையை அடைத்துக்கொள்கின்றன. அதனால் பொட்டாசியக் கசிவு பெரும்பாலும் துடிப்புக்கு இடைப்பட்ட ஓய்வில்தான். தாளம் தளர்கிறது, துடிப்பு செத்துப்போவதில்லை.

எல்லாப் புகழும் இதற்கே என்றும் சொல்லிவிட முடியாது. அசிட்டைல்கோலின் மிகக் குறைவாக இருக்கும்போது, கணுச் செல்களை ஏற்றிவிடும் வேறொரு மின்னோட்டத்தைக் குறைப்பதன் மூலமும் அது இதயத்தைத் தளர்த்துகிறது. ஆனால் இந்தக் கால்வாயின் ஒரு மரபணுவை நீக்கிய எலிகளை 1998-ல் ஆராய்ந்தபோது, துடிப்புக்குத் துடிப்பு வரவேண்டிய நுண்ணிய ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது.

தேவையில்லாத நேரத்தில் திறந்தாலும் தொல்லைதான். மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நாள்பட்டவர்களின் திசுவில், அசிட்டைல்கோலின் இல்லாமலேயே இந்தக் கால்வாய் திறந்துகொள்வதை 2005-ல் கண்டார்கள். அடைத்தால் நோய் தணியுமே என்று தோன்றும். தேனீ விஷத்திலுள்ள டெர்டியாபின் இதை அடைக்கும் என்பதும் தெரிந்ததுதான். அடைப்பதற்கென்றே செய்த ஒரு மாத்திரையைப் பேஸ்மேக்கர் பொருத்திய நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2016-ல் வெளியிட்டார்கள். தாறுமாறான துடிப்பின் அளவு குறையவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்களுக்கு நோய் விட்டு விட்டு வந்துபோகும். கால்வாய் தானாகத் திறந்திருந்ததைக் கண்டது நோய் நிலைத்துவிட்டவர்களிடம்.