தென்கடலிலிருந்து அனுப்பிய ஏடுகள்

பிற நாடு சென்று மீண்டோர் எழுதும் நூல்கள் இரு வகைப்படும். கண்டதை அன்றன்றே குறித்து வைப்பது ஒரு வகை. பல்லாண்டு கழித்து, கண்டவற்றை மனத்தில் அசைபோட்டு எழுதுவது மற்றொரு வகை. சீனத் துறவி இத்சிங் இயற்றிய நூல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. பாகியான், யுவான் சுவாங் ஆகியோரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர்களுக்குப் பின் சென்ற இத்சிங்கையோ பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஆயினும் நம் பகுதியில் வாழ்வோர்க்கு அவரே மிக நெருங்கியவர் எனலாம். தம் இந்திய வாழ்வைத் திரும்பிப் பார்த்து அவர் நூல் எழுதிய இடம் ஸ்ரீவிஜயத்தின் தலைநகர். இன்றைய சுமத்திராவில் பலெம்பாங் நகரை ஒட்டிய பகுதி.

கி.பி. 635-இல் பிறந்த இத்சிங், 671-இல் குவாங்சோ துறைமுகத்தில் பாரசீக வணிகர் ஒருவரின் கப்பலில் ஏறினார். இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயம் சேர்ந்து, ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் மலாயு நாட்டில் இரண்டு மாதம்; அங்கிருந்து கெடா. கெடாவிலிருந்து வடக்கே சென்ற கப்பல், ஆடையற்ற மக்கள் வாழ்ந்த தீவொன்றை அடைந்தது. அது நிக்கோபார் என்பர் அறிஞர். தீவினர் படகுகளில் வந்து தேங்காயும் வாழைப்பழமும் தந்து இரும்பு கேட்டனராம். 673-இல் வங்கத்துத் தாம்ரலிப்தியில் இறங்கி, அங்கும் ஓராண்டு மொழி பயின்ற பின்னரே நாளந்தாவுக்குப் புறப்பட்டார். வழியில் நோயுற்றுத் துணைவரைப் பிரிந்தார். கள்வர் அவர் ஆடைகளையும் பறித்துக் கொண்டனர். வெண்ணிற மேனியரைப் பிடித்துப் பலியிடுவர் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தமையால், உடலெங்கும் சேற்றைப் பூசி, இலைகளைச் சுற்றிக்கொண்டு நடந்து, இரவில் துணைவரைச் சென்றடைந்தார். இத்தனை இடர்ப்பட்டவர் அந்நாட்டின் மீது சினமுற்று எழுதவில்லை என்பதே வியப்பு.

நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டு கற்றார். 685-இல் மீண்டும் கடல் வழியே ஸ்ரீவிஜயம் வந்து எழுதத் தொடங்கினார். அவ்வாறு எழுந்தது நாற்பது அதிகாரங்கள் கொண்ட நூல். அரசரின் வீரமும் அரண்மனைச் சிறப்பும் அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். துறவிகள் எப்படி உண்டனர், எப்படி நீராடினர், எந்தக் கலத்தில் நீர் வைத்தனர் என்பனவே அதன் பொருள். சீனத் துறவிகள் புத்தர் வகுத்த ஒழுக்கத்தைச் செவிவழியே கேட்டுத் தவறாகப் பின்பற்றுகின்றனர் என்பது அவர் கவலை. ஆகவே சிறு செயல்களும் அவருக்குப் பெரியனவாயின.

பல் துலக்கும் குச்சிக்கே ஓர் அதிகாரம் உண்டு. சீனர் அதனை ‘வில்லோ’ மரக் கிளை என்று எண்ணியிருந்தனர். இந்தியாவில் அம்மரம் அரிது என்கிறார் இத்சிங். நீளம் எட்டு விரல் முதல் பன்னிரண்டு விரல் வரை. ஒரு முனையை மென்று பல் துலக்கியபின், பிளந்து வளைத்து நாவை வழிக்க வேண்டும். ஆலும் வேலும் அறிந்து வளர்ந்த நமக்கு இதில் புதுமையில்லை. ஆயினும் அயலான் ஒருவன் கூர்ந்து நோக்கி எழுதும்போதுதான், நாம் எண்ணாமலே செய்து வருவது ஒரு பண்பாடு என்பது புலனாகிறது. வலக்கையால் உண்பது, எச்சில் பட்டதை விலக்குவது, தூய நீருக்கு மண் அல்லது பீங்கான் கலமும் கழுவும் நீருக்குச் செம்பு அல்லது இரும்புக் கலமும் கொள்வது ஆகியவற்றையும் இவ்வாறே விளக்குகிறார்.

ஆசிரியர்கள் தவறாது காணவேண்டிய பகுதி கல்வி பற்றியது. ஆறு வயதில் பிள்ளைகள் எழுத்துச் சுவடி தொடங்கி ஆறு மாதத்தில் முடிப்பர். எட்டு வயதில் பாணினியின் சூத்திரங்களைத் தொடங்கி எட்டு மாதத்தில் மனப்பாடம் செய்வர். பத்து வயதில் மேல் இலக்கணப் பகுதிகளுக்கு மூன்றாண்டு. பதினைந்தில் தொடங்கும் காசிகை என்னும் உரைக்கு ஐந்தாண்டு. வேதத்தை ஏட்டில் எழுதாது வாய்வழியே கற்பித்தனர் என்றும், நினைவாற்றலை வளர்க்கும் பயிற்சி உடையோரைத் தாமே நேரில் கண்டதாகவும் கூறுகிறார். மனப்பாடத்தை இகழ்வோரும் போற்றுவோரும் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம்.

இந்தியாவை இவ்வளவு போற்றியவர் தம் நாட்டைத் தாழ்த்தினாரா எனின், இல்லை. நாடி பார்ப்பதிலும் ஊசி மருத்துவத்திலும் சீனத்துக்கு நிகரில்லை என்கிறார். அதே மூச்சில், மலத்தை மருந்தாக்கிப் பெயர் சூட்டும் சீன வழக்கத்தைக் கடிகிறார். பக்தியால் தம் உடலைத் தீயிடும் துறவிகளையும் கண்டிக்கிறார்.

குறைகளும் உண்டு. மடத்து மதிலுக்கு வெளியே வாழ்ந்த உழவரையும் கைவினைஞரையும் அவர் அதிகம் காணவில்லை. பர்த்ருஹரி காலமாகி நாற்பதாண்டு ஆயிற்று என்கிறார். அவ்விலக்கண அறிஞர் அதற்கு மிக முற்பட்டவர் என்று பிற்கால ஆய்வாளர் நிறுவியுள்ளனர். கேட்டதை எழுதியதால் நேர்ந்த பிழை அது. கண்டதை எழுதிய இடங்களில் அவர் பெரிதும் நம்பத்தக்கவர். ஸ்ரீவிஜயத்தில் எட்டாம் மாதத்தின் நடுவில் நண்பகலில் நிற்பவருக்கு நிழல் விழாது என்ற குறிப்பு, நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வோர் சரிபார்த்துக் கொள்ளக்கூடியது.

689-இல் நடந்தது சுவையானது. தாளும் மையும் அனுப்புமாறு சீனத்துக்கு மடல் விடுக்கத் துறைமுகத்துக் கப்பலில் ஏறினார். காற்று வாய்க்கவே கப்பல் அவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டது! அரும்பாடுபட்டுச் சேர்த்த சுவடிகள் யாவும் ஸ்ரீவிஜயத்தில், அவரோ குவாங்சோவில். அவ்வாண்டே உதவியாளருடன் திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். 692-இல் நூலை மற்றொரு துறவி வழியே சீனம் அனுப்பி, 695-இல் தாமும் லோயாங் நகர் சேர்ந்தார். பேரரசி வூ நகர வாயிலுக்கு வெளியே வந்து வரவேற்றார். 713-இல் மறையும் வரை அவர் செய்தது பெரிதும் மொழிபெயர்ப்புப் பணியே.

இந்நூலை ஜப்பானிய அறிஞர் தக்ககுசு 1896-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இதனோடு இத்சிங் அனுப்பிய மற்றொரு நூல், தம் காலத்தில் இந்தியா நோக்கிப் புறப்பட்ட ஏறத்தாழ அறுபது துறவிகளின் வரலாறு. அவர்களுள் பலர் வழியிலேயே மாண்டனர். வூசிங் என்பவர் மட்டும் கெடாவிலிருந்து முப்பது நாள் மேற்கே கடலில் சென்று நாகப்பட்டினம் அடைந்து, அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கையில் இறங்கியதாக அதில் குறிப்பு இருக்கிறது.