எழுதியவரிடம் திரும்பும் கணக்கு

மாதக் கடைசி வந்துவிட்டால் சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியருக்கு இரட்டை வேலை. முப்பது நாட்களாக வந்துபோன கர்ப்பிணிகள் எத்தனை பேர், நடந்த பிரசவங்கள் எத்தனை, தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் எத்தனை என்பதையெல்லாம் நான்கு கோடுகளை நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துப் பதிவேட்டில் அவ்வப்போது குறித்து வைத்திருப்பார். அந்தக் கோடுகளை ஐந்தைந்தாக எண்ணிக் கூட்டி, அச்சடித்த படிவத்தின் கட்டங்களில் நிரப்பி, கையொப்பமிட்டு மேலிடத்துக்கு அனுப்பினால்தான் அவருக்கு அந்த மாதம் முடியும். ஆப்பிரிக்கச் சிற்றூர்களிலும் ஆசியாவின் மலைக்கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியம் இது. அவ்வாறு அனுப்பிய கணக்கு பிறகு எங்கே போகிறது, யாருக்குப் பிரயோஜனப்படுகிறது, அதை எழுதியவருக்கு அதனால் விளைந்த நன்மை என்ன என்று கேட்டால், பல தேசங்களில் நெடுங்காலம்வரை திருப்தியான விடை கிடைத்ததில்லை. மருத்துவம் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு எழுதப்பட்ட எண்கள், அலுவலக அலமாரிகளில் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டதோடு தம் பயணத்தை முடித்துக்கொண்டன. இந்த நிலைமையை மாற்றியே தீரவேண்டும் என்ற எண்ணத்தோடு பிறந்து, இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளின் சுகாதாரத் துறைகளில் வழங்கிவரும் ஒரு மென்பொருளைப் பற்றித்தான் இக்கட்டுரை பேசப்போகிறது. மாவட்ட சுகாதாரத் தகவல் மென்பொருள் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, அதை டி.எச்.ஐ.எஸ்.2 என்று அழைக்கிறார்கள்.

அது பிறந்த இடம் தென்னாப்பிரிக்கா. பிறந்த காலமோ, அந்நாட்டு மக்கள் நிறவெறி ஆட்சியிலிருந்து விடுதலை பெற்று நெல்சன் மண்டேலாவைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்த 1994-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். புதிய சர்க்கார் பொறுப்பேற்றபோது அதன் கைக்கு வந்தது ஒரு சுகாதாரத் துறையல்ல, பதினான்கு. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு ஒன்று, இந்திய வம்சாவளியினருக்கு ஒன்று, பொது விவகாரங்களுக்கு ஒன்று, கறுப்பின மக்களை ஒதுக்கி வைப்பதற்கென்றே வரையப்பட்ட பத்துத் 'தாயகப்' பிரதேசங்களுக்குத் தனித்தனியே பத்து என்று, மனிதனுடைய தோலின் நிறத்தைப் பார்த்து அவனுடைய வியாதியையும் பிரித்து வைத்திருந்தார்கள். 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் சந்ததியாரும், இந்த ஏற்பாட்டில் ஒரு தனிக் கட்டத்துக்குள் அடைபட்டவர்களே. ஒவ்வொரு துறைக்கும் தனிப் படிவம், தனி வரையறை, தனி எல்லை. ஒரே நகரத்தில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த குழந்தைகளின் கணக்கு வேறு வேறு அலுவலகங்களுக்குப் போயிற்று. அவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க ஒருவர் விரும்பினாலும், ஒருவர் 'குழந்தை' என்று எண்ணிய வயது மற்றவருடைய வயதோடு ஒத்துப்போகாது. அநீதியை மறைப்பதற்கு இதைவிட நேர்த்தியான வழி வேறு இருக்கமுடியாது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், ஒப்பிட்டுப் பார்க்கமுடியாத துன்பத்தை எவரும் நிரூபிக்கவும் முடியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கக் கேப் டவுன் நகரத்துப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சிலரும், நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலரும் கைகோத்தார்கள். ஜோர்ன் ப்ரா, காலே ஹெட்பெர்க் ஆகிய இருவரும் அவர்களுள் முக்கியமானவர்கள். கணினி நிபுணர்கள் என்பதால் அவர்கள் முதலில் கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் உட்கார்ந்ததோ செவிலியர்களோடும் மாவட்ட அதிகாரிகளோடும், கேட்ட கேள்வி, "இந்தப் படிவத்தில் உங்களுக்கு உண்மையில் வேண்டியது எது?" என்பது. காசநோய்த் திட்டத்துக்கு ஒரு படிவம், குடும்ப நலத்துக்கு ஒன்று, தடுப்பூசிக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு பிரிவும் தன் ஆர்வத்துக்கு ஏற்பக் கேள்விகளைப் பெருக்கிக்கொண்டே போயிருந்ததால், ஒரே விவரத்தை மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதவேண்டிய நிர்ப்பந்தம் கீழே இருந்தவர்களுக்கு நேர்ந்திருந்தது. அவற்றையெல்லாம் சலித்து, அவசியமான விவரங்களை மட்டும் கொண்ட சிறிய பட்டியல் ஒன்றை அமைப்பதே அவர்களுடைய முதல் வேலையாயிற்று.

அந்தப் பட்டியலுக்கு அவர்கள் வகுத்த விதி மிகவும் ஆழமானது. தேசம் முழுவதற்கும் பொதுவாகத் தேவைப்படும் சில விவரங்களை மட்டுமே மத்திய அமைச்சகம் கேட்கலாம், மாகாணம் அவற்றைக் கட்டாயமாக ஏற்றுக்கொண்டு, தனக்கு வேண்டிய இரண்டொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், மாவட்டமும் அப்படியே, கடைசியில் சிற்றூர் நிலையம், தன் ஜனங்களுக்கே உரிய பிரச்சினை எதுவோ அதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே, அடிமட்டத்தில் விவரம் அதிகமாகவும், மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும். எல்லா விவரத்தையும் உறிஞ்சிக்கொண்டு உச்சியில் உட்காரும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. எங்கே எண் பிறக்கிறதோ அங்கேயே அது முதலில் உபயோகப்படவேண்டும் என்ற சித்தாந்தம்தான் பிறகு அவர்கள் உருவாக்கிய மென்பொருளின் ஒவ்வொரு திரைக்கும் பின்னால் ஊறிக் கிடக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். பென்டாவேலண்ட் என்ற தடுப்பூசி, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி உட்பட ஐந்து வியாதிகளிலிருந்து சிசுவைக் காப்பது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் மூன்று தவணையாகப் போடுவது நம் நாட்டு வழக்கம். ஒரு நிலையத்தில் குறிப்பிட்ட காலத்தில் முதல் தவணை பெற்ற சிசுக்கள் 40 என்றும், மூன்றாம் தவணை பெற்றவர்கள் 28 என்றும் வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இவை இரண்டு எண்கள். ஒன்றுக்கொன்று தொலைவில் இரண்டு கட்டங்களில் கிடப்பவை. கணினியில் பதிந்த மறுகணமே அவை ஒன்றோடொன்று சேர்ந்து, 100-க்கு 30 குழந்தைகள் நடுவழியில் விடுபட்டுவிட்டார்கள் என்ற செய்தியாக மாறுகின்றன. இந்த விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டினாலே கவலைப்படவேண்டும் என்பது பொதுசுகாதாரத் துறையினர் கைக்கொள்ளும் அளவு. தாய்மார்கள் முதல் தடவை வந்தார்கள், ஆகவே தடுப்பூசியிடம் அவர்களுக்கு வெறுப்பில்லை. அப்படியானால் பிறகு ஏன் வரவில்லை? மருந்து தீர்ந்துபோயிற்றா, தடுப்பூசி போடும் கிழமையும் சந்தைக் கிழமையும் ஒன்றாக விழுந்தனவா, முதல் ஊசியால் வந்த காய்ச்சலைக் கண்டு பயந்துவிட்டார்களா? இந்தக் கேள்விகளுக்குத் தலைநகரத்தில் விடை கிடையாது. அந்தச் செவிலியருக்குத்தான் தெரியும். அவர் கண்ணெதிரே அந்தச் சதவீதம் எழுந்து நின்றால்தான் கேள்வியும் எழும்.

பிழை திருத்துவதிலும் இதே தத்துவம்தான். மூன்றாம் தவணை 28 என்பதற்குப் பதிலாகக் கைதவறி 280 என்று பதிந்துவிட்டால், முதல் தவணையைவிட மூன்றாம் தவணை எப்படி அதிகமாகும் என்று மென்பொருள் அப்போதே கேட்கிறது. முந்தைய மாதங்களின் போக்கிலிருந்து திடீரென்று எகிறும் எண்களையும் அது சுட்டிக்காட்டுகிறது. பதிவேடு பக்கத்திலேயே இருப்பதால் செவிலியர் புரட்டிப் பார்த்துத் திருத்திவிடுகிறார். இதே பிழை ஆறு மாதம் கழித்துத் தலைநகரத்தில் கண்டுபிடிக்கப்பட்டால், அதைத் திருத்துவதற்கு ஆதாரமும் இராது, ஞாபகமும் இராது. எல்லாவற்றையும் மென்பொருள் பிடித்துவிடும் என்று நம்புவதும் தவறு. ஒரு பகுதியில் 115 சதவீதக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டதாக அறிக்கை வந்தால், கூட்டல் சரியாகவே இருக்கலாம். அந்த ஊரில் இத்தனை சிசுக்கள் இருப்பார்கள் என்று ஜனத்தொகையை வைத்து மதிப்பிட்ட தொகை பழசாகிப் போயிருக்கலாம், அல்லது பக்கத்து வட்டாரத்துத் தாய்மார்கள் நல்ல கவனிப்பைத் தேடி இங்கே வந்திருக்கலாம். எண் சொல்லும் விசித்திரத்தை விசாரிப்பது மனிதனின் கடமை.

தென்னாப்பிரிக்காவில் வேரூன்றிய இந்த முயற்சி பிற நாடுகளுக்குப் பரவியபோது, மென்பொருளை இணையத்தில் இயங்கும் வகையில் 2004-ஆம் ஆண்டிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினார்கள். அந்தப் புது வடிவம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இடம், 2006-இல், நமது அண்டை மாநிலமான கேரளம். விலையின்றி எவரும் எடுத்துக்கொள்ளவும், தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் உரிமை தந்திருந்தார்கள். கென்யா 2011-இல் தேசம் முழுவதையும் ஒரே மத்திய சர்வரில் இணைத்தது. மாவட்டங்களில் கம்பி வழி இணையம் இல்லாத குறையைக் கைப்பேசி இணையம் தீர்த்து வைத்தது.

ஆனால் இந்த வரலாற்றில் என் மனத்தை அதிகம் கவர்ந்தது சான்சிபார் தீவுகளில் நடந்ததுதான். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட சுகாதார அலுவலர்கள் ஒன்றுகூடி, தத்தம் மாவட்டத்தின் கணக்கைத் தாங்களே சகாக்களுக்கு முன் எடுத்து வைத்து விளக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். மேலதிகாரி கேட்டால் சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பக்கத்து மாவட்டத்தில் அதே வேலையைச் செய்பவர், "உங்களிடம் பிரசவங்களைவிடப் பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசியின் எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பானேன்?" என்ற வகையில் கேட்டால், அதற்கு உண்மையைத்தான் சொல்லவேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் கணக்கின் தரம் உயர்ந்தது; பதில் சொல்ல இயலாத, எவருக்கும் உதவாத கேள்விகள் படிவத்திலிருந்து நீங்கின. கணினி வாங்கிக் கொடுத்தால் நிர்வாகம் சீர்ப்பட்டுவிடும் என்று எண்ணுகிற எல்லோரும் இந்தச் சிறிய தீவுகளைப் பார்த்துக் கற்கவேண்டும்.

இலங்கையில் நடந்ததும் பெருமைக்குரியது. 2020 ஜனவரியில் கொரோனா பற்றிய செய்தி பரவியபோது, அந்நாட்டில் முதல் நோயாளி கண்டறியப்படுவதற்கு முன்பே, அங்குள்ள மருத்துவத் தகவலியல் வல்லுநர்கள் ஏற்கெனவே தங்களிடம் இருந்த டி.எச்.ஐ.எஸ்.2-ஐ எடுத்து, விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளைப் பதிந்துகொண்டு, அவர்கள் தங்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கான ஏற்பாட்டைச் சில நாட்களுக்குள் அமைத்துவிட்டார்கள். ஜனவரி 27-ஆம் தேதி முதல் நோயாளி கண்டறியப்பட்டார். இலங்கையர் வடிவமைத்ததை மற்ற நாடுகளும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தார்கள். பல தேசங்கள் அதைப் பின்பற்றின. மென்பொருளை உருவாக்குவதில் பங்குகொண்ட நார்வேயிலேயே பல நகராட்சிகள், நோயாளிகளோடு பழகியவர்களைக் கண்டறிவதற்கு இதே மென்பொருளைக் கையாண்டன.

இத்தனை நன்மைக்கு நடுவே மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. முதலாவது, காகிதப் பதிவேட்டை ஒழிக்காமலே கணினியைக் கொடுத்துவிடுவது. பகலெல்லாம் ஏட்டில் எழுதியதை மாலையில் கைப்பேசியில் ஒருமுறை, அலுவலகக் கணினியில் ஒருமுறை என்று மீண்டும் மீண்டும் பதியவேண்டியிருந்தால், செவிலியரின் சிரமம் குறையாததோடு, ஏட்டுக்கும் திரைக்கும் வேற்றுமையும் புகுந்துவிடும். இரண்டாவது, இலக்கை எட்டாதவரைக் கண்டிப்பதற்கு மட்டுமே அறிக்கையைப் பயன்படுத்துவது. அத்தகைய இடங்களில் எண்கள் இலக்கை எட்டிவிடும். ஜனங்களின் ஆரோக்கியம் எட்டாது. மூன்றாவது, அந்தரங்கம். 28 குழந்தைகள் என்பது தொகை. பெயர், வயது, முகவரி, நோய் என்று தனி மனிதரைப் பின்தொடரும் பதிவோ அவருடைய வாழ்க்கை. காசநோயோ எச்.ஐ.வி. தொற்றோ உள்ள ஒருவரின் விவரத்தை யார் யார் திறந்து பார்க்கலாம் என்பதை மென்பொருளில் பொறுப்புக்கேற்ப வரையறுக்க வழியிருக்கிறது. அந்த வழியைச் சிரத்தையோடு கையாளவேண்டிய பொறுப்பு நிர்வாகத்தினுடையது. கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைத்து எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் அலுவலகத்தில் எந்தப் பாதுகாப்பும் பலிக்காது.

தமிழ்நாட்டிலும் கர்ப்பம் உறுதியானவுடன் பிக்மி என்ற இணையப் பதிவில் 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறும் நேரத்திலும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். மென்பொருள் வேறு, ஆனால் எண்ணின் பயணம் அதேதான், அதன் தொடக்கத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர்தான். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பெயரையும் கடைசி மாதவிலக்குத் தேதியையும் தொலைபேசி எண்ணையும் கேட்கும்போது, அவசரப்படாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போவதாக இருந்தால் அந்த ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் அவர் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.