மூடப்பட்ட பெட்ரோல் பங்க் நிலம்: மண்ணை மீட்பது யார் பொறுப்பு?

பெட்ரோல் பங்க் ஒன்று மூடப்பட்டு, அதன் பம்புகளும் மேற்கூரையும் அகற்றப்பட்ட பின்னரும், தரைக்கடியில் இருந்த எஃகுத் தொட்டிகளும் குழாய்களும் துருப்பிடித்துக் கசிந்திருந்தால், அந்த எரிபொருள் மண்ணிலேயே தங்கியிருக்கும். அந்நிலத்தை வாங்குவோரும், குத்தகை முடிந்து திரும்பப் பெறும் உரிமையாளரும், அருகில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழ்வோரும் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும்: விற்பனை நின்றுவிட்டதால் மாசுபடுத்தியவரின் பொறுப்பு நின்றுவிடுவதில்லை.

கசிந்த பெட்ரோல் மண் துகள்களின் இடைவெளி வழியே இறங்கி, நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் நிலத்தடி நீர்மட்டத்தின்மேல் படலமாக மிதக்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்து கோடையில் தாழும்போது அப்படலமும் ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் அடுக்கு முழுவதிலும் படிகிறது. பெட்ரோலில் உள்ள பென்சீன், நீரில் கரைந்து நீரோட்டத்தோடு நகரக்கூடிய, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதென உறுதிசெய்யப்பட்ட வேதிப்பொருள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 1 சதவீதம் பென்சீன் கொண்ட ஒரு லிட்டர் பெட்ரோலில் 8 கிராமுக்கு மேல் பென்சீன் இருப்பதால், அது முழுவதும் கரைந்தால் 8 லட்சம் லிட்டர் நீரை அவ்வரம்புக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. இந்த வரம்பைப் பன்மடங்கு மீறிய பின்னரே நீரில் வாடை தெரியும் என்பதால், வாடையில்லாத நீரைப் பாதுகாப்பானதென்று கருதிவிட முடியாது. நீரைக் கொதிக்கவைத்தால் பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். ஆவி தேங்கிய கிணற்றிலோ நிலவறையிலோ தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும்.

இது வெறும் அச்சமன்று. சென்னை தண்டையார்பேட்டையில், தரைக்கடியில் சென்ற எரிபொருள் குழாயின் கசிவால் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தது 2013-ஆம் ஆண்டு வெளிப்பட்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

மண்ணை மீட்கும் பணி, தொட்டிகளைத் தோண்டியெடுப்பதில் தொடங்கி, மண் மாதிரிகளையும் கண்காணிப்புக் கிணறுகளின் நீரையும் ஆய்வகத்தில் சோதித்து, மாசு பரவிய எல்லையை வரையறுப்பதாக அமையும். அதன்பின், மாசு மிகுந்த மண்ணை அகழ்ந்தெடுத்தல், மிதக்கும் எரிபொருளை இறைத்தெடுத்தல், மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி வடிகட்டுதல், காற்றைச் செலுத்தி எரிபொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை ஊக்குவித்தல் ஆகியவற்றுள் நிலத்துக்கேற்ற முறைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மேலே புதுமண் கொட்டிச் சமன்செய்வது மாசை மறைக்குமேயன்றி நீக்காது.

சட்டம் பாதிக்கப்பட்டோர் பக்கமே நிற்கிறது. பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சுற்றுச்சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010, அக்கோட்பாட்டைக் கடைப்பிடிக்கத் தீர்ப்பாயத்தைப் பணிக்கிறது. அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, இழப்பீடும் நில மீட்பும் கோரும் மனுவை, அதற்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். மாசடைந்த இடங்களை அடையாளம் கண்டு மீட்பதற்கான தனி விதிகளை மத்திய அரசும் 2025-ஆம் ஆண்டு அறிவித்துள்ளது.

ஆகவே, கிணற்று நீரில் எண்ணெய்ப் படலமோ வாடையோ தென்பட்டால், குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்தி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்து வடிவில் புகார் அளித்து, அதற்கான ஒப்புகையையும் ஆய்வக அறிக்கையையும் பாதுகாத்து வைக்க வேண்டும். தொட்டிகளின் உரிமம், அகற்றம் பற்றிய ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். நிலத்தை வாங்குவோரும் குத்தகை முடிந்து திரும்பப் பெறுவோரும், மண், நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் பெறாமல் எந்த ஆவணத்திலும் கையெழுத்திடலாகாது; கையெழுத்துக்கு முன் செய்யப்படும் அந்தப் பரிசோதனை, பின்னாளில் தொடுக்க நேரும் எந்த வழக்கையும்விட எளிய பாதுகாப்பாகும்.