‘கூலி’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும்

பிறமொழிச் சொல்லொன்றைக் கற்பது, அகராதி தரும் பொருளை மனனஞ் செய்வதோடு முடிவதன்று. அச்சொல்லை யார், யாரை நோக்கி, எத்தகைய சமூக உறவில் வழங்கினர் என்பதையும் அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ என்னுஞ் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழிற் கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம். உடல் வருந்தி முயல்வதன் பயனைத் திருக்குறளும் (619) இச்சொல்லாலேயே சுட்டுகின்றது. உழைப்பவனைக் குறிப்பதற்குக் கூலியாள், கூலிக்காரன் என விகுதியோ வேறு சொல்லோ சேர்ப்பது தமிழ் மரபு. ஆங்கிலமோ உழைப்பவனையே ‘கூலி’ என்றது. குஜராத்தின் கோலி என்னும் சமூகப் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரு மூலங்களையுமே ஆராய்கின்றது. மூலம் எதுவாயினும், தமிழர் செவியில் ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராக ஒலித்தது என்பது நோக்கற்பாலது.

இம்மாற்றத்தை வெறும் மொழித்திரிபு எனக் கொள்ளலாகாது. அதன் பொருளியல் அடிப்படையை மாத்தளையின் வரலாறு தெளிவுறுத்தும். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையை அடைந்த உழைப்பாளர், காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளைக்கும் அதற்கப்பாலுள்ள கோப்பித் தோட்டங்களுக்கும் கால்நடையாக வந்தனர். வழியில் நோயால் மாண்டோர் பலர். கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தோட்டத்தை அடையுமுன்னரே அவர்கள்மீது கடனாக ஏறின. பின்னர்த் தோன்றிய ‘துண்டு’ முறையில், அக்கடன் தொகை ஒரு சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்தும் வேறொரு தோட்டத்திற்கு ஆட்கள் மாற்றப்பட்டனர். 1921ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே இம்முறை ஒழிக்கப்பட்டது.

1849இல் வெளியான ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ என்னும் நூலில், மூலதனத்தின் கீழ் உழைப்பாளி தன்னை ஒருமிக்க விற்பதில்லை, குறித்த காலத்திற்குத் தன் உழைப்பையே விற்கிறான் என மார்க்ஸ் விளக்கினார். அடிமைக்கும் அவனுக்குமுள்ள வேறுபாடு அதுவே. துண்டுமுறை அவ்வேறுபாட்டையும் மங்கச் செய்தது. சீட்டில் எழுதப்பட்ட தொகை மனிதனின் விலைபோலவே இயங்கியது. ஊதியத்தின் பெயரால் அழைக்கப்பட்டவனின் கையில் அவ்வூதியம் கடன்போக எஞ்சியது சிறிதே. இந்த உறவின் மொழிவடிவமே ஆங்கிலச் ‘கூலி’ எனலாம். துரைமார் கற்பதற்கென எழுதப்பட்ட கைந்நூலொன்று ‘கூலித் தமிழ்’ எனத் தலைப்பிடப்பட்டமையால், மனிதனைச் சார்ந்த இழிவு அவனது மொழியையும் பற்றியமை புலனாகும்.

எனவே, இன்று ஆங்கிலம் கற்கும் மாணவர் இச்சொல்லைப் பழைய ஆவணங்களைப் புரிந்துகொள்வதற்காக அறிதல் வேண்டும். மனிதரைச் சுட்டத் தாமாக வழங்குதல் ஆகாது. தென்னாபிரிக்கா முதலிய நாடுகளிலும் இது வசைச்சொல்லாகவே கருதப்படுகின்றது. 1931இல் கோ. நடேசய்யர் தொடங்கிய தொழிற்சங்கம் தன் பெயரில் தாங்கிய சொல் ‘தொழிலாளர்’ என்பதாகும். உழைப்போர் அமைப்பாகத் திரண்டு தமக்கெனக் கொண்ட பெயர் அது. மனிதனுக்கு அப்பெயரே உரியது. கூலி என்பது அவனுக்குச் சேரவேண்டிய ஊதியத்தின் பெயராகவே நிற்றல் வேண்டும்.