தொப்பூர் மலையில் சீத்தாப்பழம்! பறிக்கப் போறீங்களா? உஷார்!

தொப்பூர்:-

காசு கட்டிவிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்து, ஆப்பிளைத் தாங்களே பறித்துக்கொள்வது அமெரிக்காவில் வழக்கம். தருமபுரி மாவட்டத்தில் அந்த ஆசையைக் கிளப்புவது சீத்தாப்பழம்தான்.

ஆகஸ்டு பிறந்தால் சீசன். தொப்பூர் சுற்றுவட்டார மலைகளில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே காய்த்துத் தொங்கும்.

"சும்மா நிக்கிற மரந்தானே, நாலு பறிச்சா என்ன?" என்று நினைத்தால் வம்பு! காப்புக் காட்டில் அனுமதியின்றிப் பறிப்பது வனச்சட்டப்படி குற்றம்.

லாரி எமன்!

அதைவிட ஆபத்து, கணவாய்ச் சாலையில் காரை ஓரங்கட்டுவது. சரிவில் கட்டுப்பாடு இழந்து வரும் லாரிகளுக்கு இந்த இடம் பேர்போனது.

2020 டிசம்பர் 12-ந் தேதி, நின்றுகொண்டிருந்த வாகனங்கள் மீது லாரி மோதி 4 பேர் பலி. 2024 ஜனவரி 24-ந் தேதி மீண்டும் கோர விபத்து. அப்போதும் 4 உயிர் போனது.

பறித்தே தீரணுமா? சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் விவசாயியைக் கேட்டுப் பறியுங்கள். கண் விரிந்து, இடுக்கு வெளுத்திருந்தால் காய் முற்றியாச்சு. 2, 3 நாளில் பழுக்கும். பிஞ்சைப் பறித்தால் கறுத்து வீணாகும்.

இல்லையா? கணவாயைத் தாண்டி, ஊருக்குள் கூடைக்காரம்மாவிடம் வாங்குங்கள். அவர் பிழைப்பும் நடக்கும், உங்கள் உயிரும் மிஞ்சும்!